முகம் பார்க்க ஒரு ஜிபி

"டேட்டா இல்ல மாமா. அல்மாட்டி ஏர்போர்ட்டுல வைஃபை அஞ்சே நிமிசந்தான் குடுக்கறான். இங்கருந்து தாஷ்கண்ட், அப்பறம் துபாய், அப்பறம் மெட்ராஸ். நாளிக்கு காலையிலதான் வர முடியும். அம்மாவ அழ வேணாம்னு சொல்லு..."

வாய்ஸ் மெசேஜ் அதோடு அறுந்துபோனது. லோகு அதை மூன்றாம் முறையாகக் கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கினான். சாமியானாவின் கீழே உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஐஸ் பாக்ஸில் அவன் மாமனார் தானியேல் படுத்திருந்தார். அவர் ஒருவர்தான் லோகுவிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

தானியேல் நேற்று மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர். மகள் கிறிஸ்டினா நாலு மணிக்குக் காப்பி கொண்டுபோய் எழுப்பினாள். எழவில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்ந்த மனிதர், போவதையும் அப்படியே முடித்துக்கொண்டார். தொந்தரவெல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஆரம்பாக்கத்தில் அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மகன் முகம் பார்த்த பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். குழியில் முதல் பிடி மண்ணும் அவன் கையால்தான் விழ வேண்டும். தானியேலுக்கு இருப்பது ஒரே மகன், எபினேசர். அவன் நாலு வருஷமாக வெளிநாட்டில் வெல்டர். அவனுடைய அம்மா மேரி ஒவ்வொரு ஞாயிறும் சபையில் எழுந்து நின்று, மகன் எந்த நாட்டில் இருக்கிறானோ அந்த நாட்டின் பேரைச் சொல்லி ஜெபிக்கச் சொல்வாள். கஜகஸ்தான் என்கிற பேரை ஆரம்பாக்கம் சபை பிசிறில்லாமல் உச்சரிப்பதற்கு அவள்தான் காரணம்.

இப்போது மேரி ஐஸ் பாக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"எம்புள்ள அவங்க அப்பன் மொகத்த பாக்காம மூடி போட உட மாட்டேன். போட்டீங்கன்னா என்னியும் உள்ள வச்சி ஆணி அடிங்க."

பாஸ்டர் ஜெயராஜ் நாலு பக்கமும் யோசிக்கிற மனிதர். ஐஸ் பாக்ஸ்காரன் சாயங்காலம் ஐந்து மணிக்கு எளாவூரில் இன்னொரு வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தான். மூன்று நாள் மழையில் கல்லறைத் தோட்டத்துக் குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"அம்மா, வீடியோ கால்ல பாத்தாலும் பாத்ததுதான். சபை ஒத்துக்கும்" என்றார் அவர். "ஆனா நாலு மணிக்கு அடக்கம். அதுக்கு மேல என்னால ஆவாது."

மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகனைப் பார்த்தாள்.

"மாப்ள, நீங்கதான் எப்பிடியாவது அவனுக்கு டேட்டா போட்டுக் குடுக்கணும்."

லோகுவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கட்டடக் கம்பி செய்கிற ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன் வேலை. மோட்டாரை அவிழ்த்துக் கட்டத் தெரிந்தவனுக்குச் செல்போனும் தெரிந்திருக்கும் என்று மாமியார் வீடு எப்போதோ முடிவு செய்துவிட்டது. அவனும் மறுத்ததில்லை. மருமகன் என்கிற முறையில் அவனுக்கு வந்து சேர்ந்த மரியாதைகளில் அது ஒன்றுதான் இன்னும் தேயாமல் இருந்தது.

முதலில் எபினேசரின் நம்பருக்கு அடித்துப் பார்த்தான். தெலுங்கில் ஒரு பெண்மணி ஏதோ வருத்தம் தெரிவித்தாள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் ஆரம்பாக்கத்தில் பாதிப் பேரின் போன் அந்தப் பக்கத்து டவரைத்தான் பிடிக்கும். அந்தத் தெலுங்கம்மா சொல்வதை ஊரில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. லோகுவும் போட்டுக்கொள்ளவில்லை.

எபினேசர் வைத்திருப்பது ஊரில் வாங்கிய பழைய சிம். அதற்கு வெளிநாட்டு ரோமிங் பேக் ஒன்றை லோகுவே தன் போனிலிருந்து போட்டுவிட்டான். பட்டியலில் கஜகஸ்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கொஞ்சம் உற்சாகம்கூட வந்தது. சாவு வீடு என்பதால் அடக்கிக்கொண்டான்.

"மச்சான், பேக் போட்டுட்டேன். செட்டிங்ஸ்ல போயி டேட்டா ரோமிங்க ஆன் பண்ணு. போன ஒருவாட்டி ஆப் பண்ணி ஆன் பண்ணு. ஒடனே வீடியோ கால் போடு" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்.

ஒன்பதரை மணிக்குப் பதில் வந்தது. எபினேசர் ரகசியம் பேசுகிற குரலில் பேசினான்.

"மாமா, போட்டியே, ரொம்ப தாங்ஸ். ஆனா நான் தாஷ்கண்ட் வந்துட்டேன். இது வேற நாடு மாமா, உஸ்பெகிஸ்தான். உன் பேக்குல இந்த நாடு இல்லியாம். சுத்தி எல்லாம் வெளிநாட்டுக்காரனுங்க, சத்தமா பேச முடில."

பட்டியலைப் பார்த்தான். உண்மைதான். உஸ்பெகிஸ்தான் இல்லை.

தானியேலின் தம்பி அன்புராஜ், பொதட்டூர்பேட்டையிலிருந்து விடியற்காலையிலேயே வந்து இறங்கியவர், நாற்காலியை லோகுவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சாவு வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. அவருக்குப் பசி. பசி வந்தால் அவருக்குக் கேள்வி வரும்.

"இன்னா மாப்ள, அவன் ஷேர் ஆட்டோ மாரி ஊரூரா நின்னு நின்னு வர்றான்?"

"கம்பெனி குடுத்த டிக்கெட் மாமா. அப்பிடித்தான் குடுப்பாங்க."

"நான் ரெண்டு பஸ்ஸு, ஒரு டிரெயினு மாறி வந்தேன். எனுக்கு ஒரு இட்லி கூட டேட்டா இல்ல."

கிறிஸ்டினா கணவனின் காதருகே குனிந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"எப்பிடியாவது பண்ணுங்க. அம்மாவ நெனச்சா பயமா கீது. அப்பாவாச்சும் ஒரு நாளுகூட தம்பி எப்ப வருவான்னு கேட்டதில்ல. அம்மா பொலம்ப ஆரம்பிச்சா துண்ட தோள்ல போட்டுக்கினு வெளிய பூடும். அம்மாதான் பாவம்."

லோகு ஐஸ் பாக்ஸின் பக்கம் திரும்பிப் பார்த்தான். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவனை ஒரு சொல் சொன்னதில்லை அந்த மனிதர். அவருக்குச் செய்கிற கடைசிக் காரியம், இதைச் செய்யாமல் விடுவதா?

கம்பெனியில் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. இ-சிம். கடையும் வேண்டாம், கார்டும் வேண்டாம். ஒரு க்யூஆர் படத்தைக் கேமராவில் காட்டினால் போதும், சிம் தானாகப் போனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாற்பது நாட்டில் வேலை செய்யும். உஸ்பெகிஸ்தான் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்துவிட்டு வாங்கி, படத்தை எபினேசருக்கு அனுப்பினான்.

"மாமா, படம் என் போன்லயே கீது. அத என் போன்ல எப்பிடி ஸ்கேன் பண்றது? என் மூஞ்சிய நானே பாக்கற மாரி இல்ல கீது?"

இதை லோகு யோசித்திருக்கவில்லை. ஆனால் அசரவும் இல்லை.

"பக்கத்துல யாராவது இருந்தா அவங்க போன்ல அந்தப் படத்த போட்டோ புடிக்கச் சொல்லு. அப்பறம் உன் போன்ல அத ஸ்கேன் பண்ணு."

கால் மணி நேரம் போனது. சாமியானா முழுக்கக் காத்திருந்தது. பிறகு வந்த மெசேஜை எல்லோரும் கேட்கட்டும் என்று லோகு ஸ்பீக்கரில் போட்டான். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய தப்புகளில் அது ஒன்று.

"மாமா... பக்கத்துல ஒரு ரஷ்யாக்காரன் குந்தினு இருந்தான். அவன்கிட்ட போட்டோ புடின்னு ஜாடையில சொன்னேன். கேமராவ நீட்டினான். சிம்மு அவன் போனுக்குள்ள பூந்துக்கிச்சி மாமா. அவனுக்கு ஒரே சந்தோசம். எனுக்கு கையக் குடுத்துட்டு பிளைட் ஏறிட்டான்."

ஒரு படத்தை ஒரு தடவைதான் ஏற்ற முடியும். லோகு வாங்கிய சிம், நாற்பது நாட்டு உரிமையோடு, இப்போது யாரோ ஒரு ரஷ்யாக்காரனுடையது.

மேரி எழுந்து உட்கார்ந்தாள்.

"எம்புள்ளைக்கு வாங்கனத ரஷ்யாக்காரனுக்கு குடுத்துட்டீங்களா மாப்ள?"

"நான் குடுக்கல அத்த..."

"அப்பறம் யாரு குடுத்தா?"

செய்தி சாமியானாவின் ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் உருமாறிவிட்டது. பத்து மணிக்கு மாலையோடு வந்தவர்களிடம், மருமகன் தானியேலின் போட்டோவை ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டான் என்று சொல்லப்பட்டது. பதினோரு மணிக்கு வந்தவர்கள், தானியேலுக்கு ரஷ்யாவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள்.

லோகு உட்கார்ந்து யோசித்தான். அடுத்தது துபாய். அங்கே டவர் பிரச்சினை இருக்காது, ஏர்போர்ட் வைஃபையே பிரமாதமாக இருக்கும். கோளாறு வந்தால் இந்தப் பக்கம்தான் வரும். ஆரம்பாக்கம் டவரை நம்ப முடியாது. எதிர் வீட்டிலிருந்து அவர்களுடைய வைஃபை பெட்டியைக் கேட்டு வாங்கி, கேபிளை இழுத்து, சாமியானா மூங்கிலில் கட்டினான். போனை மாமனார் முகத்துக்கு நேராகப் பிடிக்க ஒரு கம்பு நட்டான். முகம் தெளிவாகத் தெரியட்டும் என்று இரண்டு போக்கஸ் லைட் வாங்கிவந்து மாட்டினான். எல்லாவற்றையும் கையருகே இருந்த ஓர் எக்ஸ்டென்ஷனில் செருகினான்.

ஐஸ் பாக்ஸும் அதே எக்ஸ்டென்ஷனில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பட்டென்று ஒரு சத்தம். லேசாகப் புகை. ஐஸ் பாக்ஸின் உறுமல் நின்றது. அதுவரை அப்படி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"எலெக்ட்ரீஷியன்" என்றார் அன்புராஜ், யாரையும் பார்க்காமல்.

மறுபடி கரண்ட் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மத்தியான வெயிலா, மழைக்குப் பிந்திய புழுக்கமா, எதுவாக இருந்தாலும் பிணத்துக்கு ஆகாது. ஐஸ் பாக்ஸ்காரன் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாஸ்டரிடம் தனியாக ஏதோ சொன்னான். பாஸ்டர் திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"நாலு மணின்னா நாலு மணி லோகு. அஞ்சு நிமிசம் கூட தாங்காது."

லோகுவுக்கு அழுகை வந்தது. மாமனாருக்கு நல்லது செய்யப் போய் அவரையே கெடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டான். ஆனால் அழ நேரமில்லை.

ஒரு மணிக்கு எபினேசர் துபாயிலிருந்து பேசினான்.

"மாமா, வைஃபை சூப்பரா கீது. ஆனா இந்த நாட்டுல வாட்ஸப் கால் போவாது. மெசேஜ் மட்டுந்தான். கெவர்மெண்ட்டே தடுத்து வச்சிக்கிது."

இதை லோகுவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவில் பாதி வீட்டில் துபாய்க்காரர்கள் இருந்தார்கள். "ஆமா ஆமா, போவாது" என்று நாலா பக்கத்திலிருந்தும் சாட்சி வந்தது. ஏர்போர்ட்டில் சிம் வாங்கு என்றான் லோகு. பிளைட் மாறுகிறவனுக்குத் தரமாட்டார்களாம். வேறொரு ஆப் சொன்னான். இறங்கவில்லையாம். பாதியில் நிற்கிறதாம்.

"பேஜாருடா சாமி" என்று லோகு வாய்விட்டே சொல்லிவிட்டான். ஒரு நாட்டில் கதவைத் திறந்தால் மச்சான் அடுத்த நாட்டில் போய் நிற்கிறான். உலகத்தில் மொத்தம் எத்தனை நாடு என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது.

இரண்டரை மணிக்குக் கடைசி ஆயுதத்தை எடுத்தான். சிம் கம்பெனியின் கஸ்டமர் கேர். எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே பேக் இருக்கிறது, ஆனால் நம்பருக்குச் சொந்தக்காரரே பேச வேண்டும் என்றது ஒரு பெண் குரல். லோகு தொண்டையைச் செருமிக்கொண்டு எபினேசர் ஆனான்.

"பிறந்த தேதி சொல்லுங்க சார்?"

கிறிஸ்டினா எழுதிக் காட்டினாள். சொன்னான்.

"அப்பா பேர்?"

"தானியேல்."

"சார், இப்ப நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க?"

"துபாய்."

அந்த நேரம் பார்த்துப் பறைமேளக்காரர்கள் பசியாறிவிட்டு வந்து ஓர் அடி அடித்தார்கள். கூடவே மேரி, "ஐயோ என்ன உட்டுட்டுப் போயிட்டியே" என்று பாடத் தொடங்கினாள்.

"துபாயா சார்?"

"துபாய்தான்மா. தமிழ் ஆளுங்க நெறைய பேரு கீறாங்க."

"சரி சார். உங்க ரிக்வஸ்ட எடுத்துக்கிட்டோம். ஒரு மணி நேரத்துல மெசேஜ் வரும். வேறு ஏதாவது உதவி வேணுமா சார்?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு லோகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஒரு வழியாக ஒன்று ஒழுங்காக நடந்திருக்கிறது என்று தோன்றியது.

மூன்று நாற்பதுக்கு எபினேசரின் மெசேஜ் வந்தது. இந்தத் தடவை குரலில்லை, எழுத்து.

'மாமா துபாய்ல டிக்கெட் பிரச்சினை. பஹ்ரைன் வழியா அனுப்பிட்டாங்க. இங்க வாட்ஸப் கால் போவுது. அஞ்சு நிமிசத்துல நானே பண்றேன். அப்பா மூஞ்சிய கிட்ட காட்டு. என் மூஞ்சி தெரியாது, கேமரா ஒடஞ்சிபோச்சு. பரவால்ல. எனுக்கு அப்பா தெரிஞ்சா போதும்.'

லோகு அதை உரக்கப் படித்தான். சாமியானாவில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. ஐஸ் பாக்ஸிலிருந்து தானியேலை எடுத்துப் பெட்டியில் வைத்தார்கள். மேரி தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். தலையை வாரிவிட்டாள். சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கல்யாண போட்டோவுக்கு நிற்கிறவரைத் தயார் செய்வது போலச் செய்தாள். அன்புராஜ்கூடப் பசியை மறந்து கண்ணைக் கசக்கினார்.

போன் அடித்தது. வீடியோ கால். லோகு எடுத்தான். திரை கறுப்பாக இருந்தது. "மாமா" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. "அப்பாவ..."

அறுந்துபோனது.

திருப்பி அடித்தான். தெலுங்கம்மா. மறுபடி அடித்தான். மறுபடியும் தெலுங்கம்மா. அப்போது அவன் போனுக்கு ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. எபினேசரின் பேரில் சந்தேகப்படும்படியான அழைப்பு வந்ததால், வாடிக்கையாளரின் பாதுகாப்பைக் கருதி, அந்த நம்பரின் எல்லாச் சேவைகளையும் இருபத்துநாலு மணி நேரத்துக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

லோகு அதை வாய்விட்டு இரண்டு தடவை படித்தான். சிம்மை நிறுத்தினால் பஹ்ரைன் ஏர்போர்ட் வைஃபை எதற்கு நிற்க வேண்டும் என்று ஒரு கணம் குழம்பினான். அதற்குள் பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலு மணி. நாலு ஐந்து. நாலு பத்து.

கடைசியில் மேரியே, "மூடுங்க" என்றாள்.

ஆணி அடிக்கும்போது அவள் அலறவில்லை. எல்லோரும் எதிர்பார்த்தது நடக்காததே பயமாக இருந்தது. பெட்டியைத் தூக்கியபோது மருமகனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாப்ள, நீங்க ஒண்ணுமே பண்ணாம சும்மா குந்தினு இருந்திருந்தா எம்புள்ள அவங்க அப்பன் மொகத்த பாத்திருப்பான்."

அவள் சொன்னது அத்தனையும் சரி என்று லோகுவுக்கே தோன்றியது.

கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேர் குழியில் ஊறிய தண்ணீரைப் பக்கெட்டில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை இறக்கினார்கள். பாஸ்டர் ஜெபித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். மகன் இல்லாத இடத்தில் மருமகனைக் கைகாட்டினார். லோகு ஈர மண்ணை ஒரு பிடி அள்ளினான். கையில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. உதறிப் போட்டான். அப்போதுதான் காலையிலிருந்து அடக்கிவைத்த அழுகை உடைந்து வந்தது. ஒரு தகப்பனையும் மகனையும் கடைசி நேரத்தில் பிரித்த பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அழுதான். யாரும் வந்து தேற்றவில்லை. அன்புராஜ் சாப்பாட்டுக்குக் கும்மிடிப்பூண்டியில் சொல்லியிருக்கிறார்களா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. குழி மேட்டில் லோகு மட்டும் நின்றான். கொஞ்சம் தள்ளி, முன்பின் பார்த்திராத ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் ரோஜா மாலை. புடவையில் அங்கங்கே எண்ணெய்க் கறை. வந்து மாலையை மண்மேட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அவன் அழுவதைப் பார்த்துத் தயங்கி நின்றாள்.

"யாரும்மா நீங்க? மாமாவுக்கு வேண்டியவங்களா?" என்று லோகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்.

"தோ அடுத்த டேசன், ஆந்திரா பக்கம் தடாவுல, கம்பெனி கேட்டாண்ட டிபன் கடை போட்டுக்கினு கீறேன் நைனா; ரெண்டு வருசமா பெரியவரும் எபியும் வாராவாரம் எங்க கடையிலதான் ஒண்ணா குந்தினு நாஷ்டா துன்னுவாங்க, இன்னிக்கு போன் செத்துப்போச்சுன்னு ஓடியாந்து அந்தப் புள்ள மதிலுக்கு அந்தாண்ட நின்னு அழுவுது, அத உள்ள இட்டாந்து அப்பனுக்கு ஒரு புடி மண்ணு போடச் சொல்லு."